பனிக்கு வாங்கி, பாசிக்கு மாட்டியது

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலையில், பாராடாங் தீவின் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நடந்தது இது. என் மகளுக்கு அப்போது இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிற வயது.

அந்தக் கோடையில்தான் அரசாங்கப் பயணச் சலுகையான எல்.டி.சி. எடுத்து ஹிமாச்சல் போய் வந்திருந்தோம். தீவில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு என்றால் மெயின்லேண்ட், மெயின்லேண்ட் என்றால் பனி. வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? அங்கே ஒரு கடையில், ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டுகிற ரப்பர் பட்டை விற்றார்கள். அடியில் சின்னச் சின்ன இரும்பு முள். அதை மாட்டிக்கொண்டு என் கணவர் உறைந்த பாதையில் கடைத்தெருவில் நடப்பது மாதிரி நடந்தார். மாட்டாதவர்கள் எல்லாம் வரிசையாகக் குப்புற விழுந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு ஜோடி பெட்டியில் வந்துவிட்டது.

மழை ஆரம்பித்ததும் எங்கள் குவார்ட்டர்ஸ் சரிவில் வழக்கம்போலப் பாசி பிடித்தது. ஏற்கெனவே ஒரு தடவை அதில் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டவள் நான். கணவர் பெட்டியிலிருந்து அந்த முள் ரப்பரை எடுத்து வந்து, "பனியிலேயே நிக்குதுன்னா நம்ம பாசியெல்லாம் எம்மாத்திரம், மாட்டிப் பாரு" என்றார். மாட்டினேன். கிச்சென்று பிடித்தது. பக்கத்து வீட்டு மலையாளி அக்கா, இங்கே எப்போது பனி விழப்போகிறது என்று தினமும் கேலி செய்வார். நான் கண்டுகொள்ளவே இல்லை. விழாமல் நடக்கிறவளுக்குக் கேலி எம்மட்டு?

அந்தக் காலைக்கு முந்தின இரவெல்லாம் மகளுக்குக் காது வலி. போர்ட் பிளேரில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். அக்கரையில் இருந்து காட்டு வழியாக வண்டிகள் போலீஸ் காவலோடு ஒன்றாகத்தான் கிளம்பும். ஃபெர்ரியை விட்டால் அந்த கான்வாயும் போச்சு. கணவர் பைகளோடு முன்னால் ஓடி ஃபெர்ரியில் ஏறிவிட்டார். நான் அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால். தண்ணீர் வற்றிக் கிடந்ததால் ஜெட்டிச் சரிவு முழுக்கப் பச்சைப் பாசி. மற்றவர்கள் ஒவ்வொரு அடியாக வைக்க, முள் ரப்பர் மாட்டியிருந்த நான் மட்டும் விறுவிறுவென்று இறங்கினேன். எனக்கு நேர் பின்னால் ஒரு பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், போனில் ஹிந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். குழந்தை அழுகிறது, இவளுக்கு என்ன அப்படி ஒரு பேச்சு என்று எரிச்சலாக இருந்தது.

சரிவு முடிந்து, வண்டி ஏறுவதற்காக ஃபெர்ரியிலிருந்து இறக்கி வைத்திருந்த இரும்புத் தட்டில் கால் வைத்தேன். டயர் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்றாகிப்போன இரும்பு, மேலே மழைத்தண்ணீர், போதாததற்கு டீசல். பாசிக்குள் இறங்கிப் பிடித்த முள் இரும்புக்குள் எப்படி இறங்கும்? இரண்டு காலும் ஒரே நேரத்தில் என்னை விட்டுப் போயின. முழங்கை இரும்பில் மோதியது. தட்டின் விளிம்பை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போனேன்.

அப்போது இடுப்பு லேசானது. அதே நொடியில், தண்ணீரில் தொபுக்கென்று ஒரு சத்தம்.

விளிம்பிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். கலங்கிய தண்ணீரில் வட்டம் விரிந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அந்த உப்பங்கழியில் முதலை உண்டு என்று போர்டே வைத்திருக்கிறார்கள். எதுவும் நினைவில் இல்லை, குதிக்கத்தான் போனேன். ஓடி வந்த கணவர் தோளைப் பிடித்து இழுத்தார். அவரைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்.

"தீதி, இதர் தேக்கோ. பச்சா மேரே பாஸ் ஹை."

குழந்தை தன்னிடம் இருக்கிறது என்று ஹிந்தியில் ஒரு குரல். திரும்பினேன். அந்தப் போன் பெண் சரிவின் பாசியிலேயே உட்கார்ந்திருந்தாள். என் மகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் சறுக்கிய கணத்தில் குழந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்திருக்கிறாள். இழுக்க இரண்டு கை வேண்டுமே. தண்ணீரில் விழுந்தது அவளுடைய போன்.

மகளை வாங்கிக்கொண்டேன், ஆனால் அடிபட்ட முழங்கை தாங்கவில்லை என்று பார்த்து அவளே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். ஃபெர்ரி அக்கரை சேரும்வரை நான் அழுதேன். போனைப் பற்றி என் கணவர் பேச்செடுத்தபோது, "சோடோ நா பையா", விடுங்கள் அண்ணா, என்று கையை ஆட்டிவிட்டாள். யாரோடு அவ்வளவு நேரம் பேசினாளோ, பாதியில் அறுந்ததற்கு அவர்கள் எவ்வளவு பதறியிருப்பார்களோ. கான்வாய்க்கான அவசரத்தில் அவள் ஒரு வண்டியில் ஏற, நாங்கள் ஒரு பஸ்ஸில் ஏறினோம். பேர்கூடக் கேட்கவில்லை.

என் மகள் இப்போது தானாகவே ஜெட்டியில் இறங்கி, எனக்கு முன்னால் ஃபெர்ரியில் ஏறி நிற்கிறாள். ஆனாலும் தண்ணீரில் எது விழுந்து சத்தம் கேட்டாலும், ஒரு தேங்காய் மட்டை விழுந்தால்கூட, என் கை முதலில் இடுப்பைத்தான் தடவிப் பார்க்கிறது. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும், அவளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.