பிளக் கையில்... நம்பர் திரையில்

போன புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டரைப் பொய்ச் சாட்சி சொல்லும்போது கையும் களவுமாகப் பிடித்தேன்.

சிரிக்காதீர்கள். மில் மில்லாகப் போய் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் கண்ட கம்ப்யூட்டர், மறதி வந்த கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கம்ப்யூட்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

கூப்பிட்டவர் ஒரு நூல் மில்லின் மேனேஜர் ரங்கராஜா. வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். போனில் அன்று தமிழ்தான் பேசினார்.

"மேடம், நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

எதற்குக் கையெழுத்து? அவர் மில்லுக்கு இரண்டு யூனிட். ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று. இரண்டிலும் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஸ்டாக்குக்கு ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் லைன் வழியாக நான்கையும் இணைத்திருக்கிறார்கள். நூல் இருப்புக் கணக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாக் கம்ப்யூட்டரில்தான் வந்து சேரும். போன வாரம் யாரோ பழைய ஃபைல் ஒன்றைப் புதியதன் மேல் அனுப்பிவிட்டார்கள். விற்றுத் தீர்ந்த நாற்பதாம் நம்பர் நூல், இருப்பதாகக் காட்டியிருக்கிறது. திருப்பூரிலிருந்து லாரி வந்து நிற்கிறது... குடோனில் ஒரு கட்டுகூட இல்லை. ஆர்டர் போயே போய்விட்டது.

அனுப்பியது யார்? அதைக் கண்காணிக்க ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். எந்த ஃபைல் வந்தாலும், அனுப்பிய கம்ப்யூட்டரின் விலாசத்தைத் திரையில் காட்டும். அன்றைக்குக் காட்டிய விலாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கவுண்ட்ஸ். அங்கே உட்காருகிறவர் ஜெயராணி.

"வேணும்னே செஞ்சிருக்கா மேடம். சாயங்காலம் போறதுக்கு வேன் விடணும்னு எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்குனவ. நான் முடியாதுன்னுட்டேன். அந்தக் காட்டம்! வெள்ளிக்கிழமை என்கொயரி. கம்ப்யூட்டர் சொன்னது சரிதான்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா, அன்னைக்கே அவள வேலைய விட்டு அனுப்பிருவேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்ன?"

நான் போய் இறங்கியபோது ஜெயராணி தன் சீட்டில்தான் இருந்தார். அழவில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது. செட்டியார்பட்டிக்காரர். ராஜபாளையம் வந்து பஸ் மாறி வருகிறவர். புரட்டாசி சனிக்கிழமைகளில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலையில் (சிவன் கோயில் ஊர் இல்லை, இது வேறு) பெருமாளைச் சேவித்துவிட்டு மலையிறங்கி வரும் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. அதனால்தான் வேன் கேட்டிருக்கிறார். இது ஒரு குற்றமா?

"நா அந்த ஃபைலத் தொடவே இல்ல மேடம். அம்புட்டு பேரு முன்னால, குடோன்ல வச்சு, 'உள்ளேயே இருந்து குழி பறிக்கிறவ'ன்னு சொல்லிட்டாரு. இந்த ரெண்டு ஊர்லயும் இருக்கிறது மில்லுதான். இங்கன இப்படிப் பேரு வாங்கிட்டுப் போனா, வேற எந்த மில்லுல மேடம் சேப்பாவ?"

நியாயமான கேள்வி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும்.

நான் கையெழுத்துப் போடும் முன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்தக் கண்காணிப்புப் புரோகிராமை எந்த மெஷினில் எழுதினார்கள்?"

ராஜபாளையம் அக்கவுண்ட்ஸில் இருக்கிற பெரிய யூனிக்ஸ் மெஷினில். அங்கே ஜோராக ஓடியது. போன மாதம்தான் ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து, சாதாரண பி.சி.யில் போட்டார்கள். எழுதிக் கொடுத்த கம்பெனிக்காரர் "புரோகிராம் போர்ட்டபிள் சார், எந்த மெஷின்லயும் ஓடும்" என்று சொன்னாராம். சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போக முடிந்தால் அது போர்ட்டபிளா? எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் பேச வேண்டும். பயப்படாதீர்கள்... டிபன் கேரியர் தெரிந்தால் போதும்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் உண்டு. நமக்கு அதை 10.1.2.10 என்று புள்ளி வைத்து நான்கு எண்ணாகக் காட்டுவார்கள். கம்ப்யூட்டருக்குள் புள்ளியெல்லாம் கிடையாது. ஒன்றும் பூஜ்யமுமாக முப்பத்திரண்டு இலக்கம், ஒரே கொத்து. நாலு அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. பிரித்து, அடுக்கடுக்காக வைத்தால்தான் மனிதர்கள் படிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், சில மெஷின்கள் மேலடுக்கிலிருந்து பிரிக்கும். சில மெஷின்கள் கீழடுக்கிலிருந்து பிரிக்கும். பெரிய யூனிக்ஸ் மெஷின் முதல் ஜாதி, நம் பி.சி. இரண்டாவது ஜாதி. லைனில் வரும் விலாசமோ எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் சரியாகப் பிரித்துக் கொடுக்க சிஸ்டத்தோடு ஒரு ரொட்டீன், அதாவது தயாராக எழுதிவைத்த குட்டிப் புரோகிராம், வருகிறது. இலவசம்! அதைக் கூப்பிட்டால் ஒரு வரியில் வேலை முடிந்தது. நம் கம்பெனிக்காரர் அதைக் கூப்பிடவில்லை. தானே வகுத்து, தானே பிரித்து, தானே புள்ளி வைத்துவிட்டார். கடையில் மாவு கிடைக்கும்போது உலக்கையைத் தூக்கியவர்.

சரி, அப்படியென்றால் இந்த பி.சி.யில் எல்லா விலாசமும் தலைகீழாக, கன்னாபின்னாவென்று வந்திருக்க வேண்டுமே? யாரும் கவனிக்கவில்லையா?

அங்கேதான் மேனேஜரின் ஒழுங்கு வருகிறது. விலாசங்களை வகுத்துக் கொடுத்தவர் அவரே. முதலில் பத்து. அடுத்தது யூனிட்: ராஜபாளையம் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு. அடுத்தது செக்‌ஷன்: அக்கவுண்ட்ஸ் ஒன்று, ஸ்டாக் இரண்டு. கடைசியில் மறுபடி பத்து. "பாக்குறதுக்கு அழகா இருக்கணும்ல மேடம்" என்றார்.

அழகுதான். ராஜபாளையம் அக்கவுண்ட்ஸ் 10.1.1.10. தலைகீழாகப் படித்தாலும் அதேதான். புரோகிராமை இங்கே போட்ட அன்று அந்த மெஷினிலிருந்துதான் சோதித்திருக்கிறார்கள். அட, சரியாக வருகிறதே என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கவுண்ட்ஸ் 10.2.1.10. ராஜபாளையம் ஸ்டாக் 10.1.2.10. ஒன்றைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள்... மற்றது வரும். மேலும் கீழும் சாதம், நடுவில் சாம்பாரும் ரசமும் வைத்த கேரியரைக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. ஆக, ராஜபாளையம் ஸ்டாக்கில் யார் என்ன செய்தாலும் பழி ஜெயராணி மேல்.

கன்னாபின்னாவென்று வருகிற தப்பை எந்த ஆபரேட்டரும் பிடித்துவிடுவார். சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரிக்கொண்டு வருகிற தப்பை யார் பிடிப்பது? நம் வாழ்க்கையிலும் இப்படிப்பட்ட ஆசாமிகளிடம்தானே ஏமாறுகிறோம்?

மேனேஜரிடம் இதையெல்லாம் காகிதத்தில் வரைந்து விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பெரிய ஆளு மேடம், எனக்குப் புரியல. ஆனா லேடீஸுக்கு லேடீஸ் சப்போர்ட்டுங்கிறது மட்டும் புரியுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறைப்பானேன்? வந்தது. ஆனால் கோபத்தைவிட எனக்கு என் தொழில்மேல் நம்பிக்கை அதிகம்.

"சரி சார், விளக்கமே வேண்டாம். வாங்க, கண்ணால் பாருங்க."

ஜெயராணியை எழுப்பி, அவர் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னேன். பிளக்கை வயரோடு சுவரிலிருந்தும் மெஷினிலிருந்தும் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கிய பிளக்கோடு, மேனேஜர் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பிறகு மேனேஜரிடம் போனைக் கொடுத்தேன். "உங்க ராஜபாளையம் ஸ்டாக்கில் யார் சார்? ஏதாவது ஒரு ஃபைலை இங்கே அனுப்பச் சொல்லுங்க."

"ஏலே முருகேசா! டெஸ்ட்டுக்கு ஒரு ஃபைல இங்கன அனுப்புலே... ஆமா, இப்பவே. செத்த நேரம் லைன்லயே இரு."

நாங்கள் மூவரும் ஸ்டாக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மோடம் லைட் மினுக்கியது. பிறகு அந்த வரி வந்தது.

அனுப்பியது: 10.2.1.10.

ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கவுண்ட்ஸ். ஜெயராணியின் கம்ப்யூட்டர். அது அறைக்கு அந்தப் பக்கம் இருண்டு கிடக்கிறது. பிளக் ஜெயராணி கையில் இருக்கிறது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். போனில் முருகேசன் "போயிருச்சா சார்?" என்று கேட்பது எங்களுக்கே கேட்டது.

நான் உட்கார்ந்து கம்பெனிக்காரர் எழுதியதை எடுத்துவிட்டு, சிஸ்டம் ரொட்டீனைக் கூப்பிடும் ஒரு வரியைப் போட்டேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். 10.1.2.10 என்று வந்தது. ராஜபாளையம் ஸ்டாக். அங்கே மேனேஜர் உட்காரும் அறைக்கு அடுத்த அறை.

"ஓ... அப்ப முருகேசனா?" என்றார் மேனேஜர். குரல் இறங்கிவிட்டது. "சேச்சே. அவன் தெரியாம அனுப்பிருப்பான் மேடம். ரெண்டு ஃபைலும் பாக்க ஒண்ணு போலத்தான இருக்கும். பையன் நல்ல பையன். விட்டுருவோம்."

ஜெயராணி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் 'தெரியாம'ங்கிறத எனக்கு மட்டும் ஏன் சார் தராமப் போனிய?"

முருகேசன் செய்தால் கைத்தவறு, ஜெயராணி செய்தால் சதி. இது மெஷின் செய்த தப்பு இல்லையே!

"சரிம்மா, போய் வேலையப் பாரு. என்கொயரி கிடையாது" என்றார்.

"வேலையப் பாக்கேன் சார். அதுக்கு முன்னால, குடோன்ல வச்சு அம்புட்டு பேரு முன்னால சொன்னியள்ல... அது நானில்லைன்னு அதே இடத்துல, அவிய முன்னால சொல்லிருங்க. பொறவு பாக்கேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என் பேனாவை மூடி பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு அங்கே கையெழுத்துப் போடும் வேலை ஏதும் இல்லை.

குடோனில் எல்லோரும் கூடினார்கள். லோடுமேன்கள், பேக்கிங் பெண்கள், வாட்ச்மேன்கூட வந்துவிட்டார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஃபைல் விஷயத்துல ஜெயராணி மேல தப்பு இல்ல" என்று ஒரே மூச்சில் முனகிவிட்டுத் திரும்பினார்.

ஜெயராணி நகரவில்லை.

"பின்னால நிக்கிறவியளுக்குக் கேக்கல சார்."

இரண்டாவது தடவை, கேட் வரைக்கும் கேட்டது.