ஜன்னலில் மாட்டிய ஆட்டுத்தோல்

முதலில் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் கேட்கும், அடுத்த நொடியே எங்கள் ஒற்றை அறை பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்துவிடும். ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த, தோல் பதனிடும் ‘தோல்ஷாப்’பில் அந்தி வேலைக்காகப் புதிதாகக் ‘காஸ்லைட்’ மாட்டியிருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு பீடி சுற்றுவதிலேயே என் பகல் கரைந்துவிடும். சமையல் முடிந்தபின் மண்ணெண்ணெய் எரிக்க எங்களுக்கு வக்கில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த எனக்கு அந்த வெளிச்சம் தெய்வம் அனுப்பியதுதான்! கதவில்லாத ஜன்னலடியில் குந்தி, பூகோளப் புத்தகத்து ஆறுகளோடு நானும் எங்கெங்கோ மிதந்து போவேன்.

நைனாவுக்கோ (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) தூக்கம் போய்விட்டது. அதே ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலின் சவ்வைக் கத்தியால் சீவுகிறவர் அவர். கோழி கூவுமுன் வேலைக்குப் போக, விளக்கு வைத்ததுமே படுத்தாக வேண்டும். படுத்துப் புரண்டுகொண்டே கிடப்பார். ஒருநாள் கை தடுமாறி ஒரு தோலைக் கிழித்துவிட்டார். கூலியில் பிடித்துக்கொண்டு கிழிசலை அவர் தலையிலேயே கட்டிய மேஸ்திரி, “இன்னொண்ணு கிழிஞ்சா வூட்டோட இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டார். அந்தக் கிழிந்த தோலை அம்மா ஏதாவதற்கு ஆகுமென்று வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்தாள்.

“சுண்ணாம்புச் சூடு கண்ணுல ஏறிட்ச்சு, வேற இன்னா?” என்று நைனாவின் உள்ளங்காலில் விளக்கெண்ணெயும் தேய்த்தாள். தோல்ஷாப்புக்காரர் வீட்டில் எந்த நோவு வந்தாலும் பழி சுண்ணாம்புக்குத்தான். எண்ணெய் தீர்ந்ததே மிச்சம்.

ஒரு மாலை காஸ்லைட் எரியவில்லை. சோற்றில் கை வைத்தபடியே நைனா தூங்கிப்போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் படித்த வெளிச்சமல்லவா அவர் தூக்கத்தைத் தின்றிருக்கிறது! சொன்னால், “நீ படி பாப்பா” என்றுதான் சொல்வார்.

மறுநாள் விளக்கு மறுபடி சீறியது. காய்ந்த தோலை எடுத்து ஜன்னலை மூடி ஆணியடித்தேன். அதில் வடிந்து வந்த வெளிச்சம் தேன் நிறத்தில், எழுத்து தெரியாத அளவுக்கு மங்கி, அறையெங்கும் தேங்கி நின்றது. நைனாவின் மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. அதைக் கேட்டபடியே நானும் எங்கோ அமிழ்ந்துபோனேன்.

“படிக்கல?” என்று அடுத்த நாள் கேட்டார்.

“கண்ணு நோவுது, நைனா.”

பரீட்சையில் தேறவில்லை. “கண்ணுக்கு ஆவாத படிப்பு இன்னாத்துக்கு? வுடு பாப்பா” என்று தலையைத் தடவினார். அதற்குப் பிறகு அவர் கையில் ஒரு தோல்கூடக் கிழியவில்லை.

இன்று அந்தத் தோல்ஷாப் இல்லை. தெருவெல்லாம் மின்விளக்கு வந்து, அந்தி என்ற ஒன்றே காணாமல் போய்விட்டது. படிப்பு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நைனா கடைசிவரை என் கண்ணை நினைத்து வருந்தினார். என் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அன்றிலிருந்து அவர் தூங்கியிருக்கவே மாட்டார்.