காடை என்று எழுதிய ஜீப்

என் தம்பி முபீன் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை தோற்று, நான்காம் முறை ஓட்டுநர் உரிமம் வாங்கினான். பழைய இரும்புக்குப் போகவிருந்த ஜீப்பைத் தானே பிரித்துச் சேர்த்து ஓடவைத்தான். புது வண்டிக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொன்ன ஓவேலி ஜீப் ஸ்டாண்டில், வரிசையில் ஓர் இடம் பிடித்தான். பிறகு ஒரு டிவி கப்பலால் அந்த இடம் போகப் பார்த்தது.

கப்பல் என்றால் விண்வெளிக் கப்பல். தமிழில் பேசவைத்துப் போடும் 'ஏழாம் எல்லை' தொடரில் 'காடை' வகைச் சின்னக் கப்பல்கள் வரும். முதல் வருடம் அவைதான் எல்லோரையும் காப்பாற்றின. ஸ்டாண்டே கைதட்டியது. எங்கள் பக்கம் ஜீப்புக்குப் பெயர் இல்லாவிட்டால் மதிப்பில்லை. முபீன் தன் கண்ணாடியில் 'காடை' என்று அழகாக எழுதினான். மறு வருடம் பார்த்தால், வாரம் தவறாமல் ஒரு காடை வெடித்தது.

அதே ஸ்டாண்ட் இப்போது சிரித்தது. "விளம்பரம் வர்றதுக்குள்ள வெடிச்சிருமே, ஏறலாமா?" என்பார்கள். பிறகு சிரிப்பும் நின்று பயம் வந்தது. மலைப்பாதையில் இருபது வருடம் ஓட்டிய ஆண்பிள்ளைகள், அட்டைக் கப்பலைக் கண்டு நடுங்கினார்கள்!

ஸ்டாண்ட் தலைவர் அம்புரோஸ் ஒரு நாள் காலை ஜீப்பை மறித்தார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, பேர அழிச்சிரு. இல்லைனா இன்னிலேருந்து உனக்கு டர்ன் கெடையாது."

"ஏனுங்க அண்ணா, பாம்பு சீரியல் பாத்துட்டு டிவிக்குப் பால் ஊத்துவீங்களா?" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு" என்று முபீன் இறங்கினான். "கதை எழுதறவங்களுக்கு வாரம் ஒரு கப்பல் எரியணுமுங்க. சின்னதா இருக்கறத எரிக்கறாங்க. அது கப்பலோட தப்புங்களா?"

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்டாண்டு பேரு கெடும். யாரு பொறுப்பு?"

"எழுதுனது நான். பொறுப்பும் நான்தானுங்க."

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"காகிதம் எதுக்குங்க? எல்லாரும் பாக்கற எடத்துலயே போடறேன்."

அங்கே நின்ற பாதி ஜீப்புகளின் பெயர்கள் முபீன் எழுதியவைதான், அம்புரோஸுடையது உட்பட. எதிலும் எழுதியவன் பெயர் கிடையாது, வண்டிக்காரர்கள் விட்டதில்லை. அதனால் அவன் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

எஸ்டேட் வேலைக்குப் போகும் தெய்வம்மா கூடையோடு முன் சீட்டில் ஏறினாள். "டிவியில எது வெடிச்சா எனக்கென்னப்பா? லேட்டானா கங்காணிதான் வெடிப்பான். சீக்கிரம் எழுதிட்டு எடு."

அவள் பின்னால் நான்கு பெண்கள் ஏறினார்கள். நிறைந்த வண்டியை அம்புரோஸ் எப்படி நிறுத்துவார்? முறைத்தபடி நகர்ந்தார்.

காடைக்குக் கீழே முபீன் தன் பெயரை எழுதினான். பக்கத்தில் தேதியும் போட்டான்: 9.11.2023.