குணா துடைத்த குங்குமம்

பன்னீரில் குழைத்த சந்தனத்தின் வாசனை. வெள்ளிக் கிண்ணத்தில் குங்குமம். அதில் தோய்ந்த பெரிய மாமாவின் கட்டைவிரல்...

சிங்கப்பூர் தோ பாயோவில், பன்னிரண்டாவது மாடியில் இருந்த எங்கள் அரண்மனையில் (மூவறை வீடு, மகாராணி என் அம்மா) அன்று தங்கை வசந்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை என் உயிர்த்தோழன், டாக்டர் குணா.

அப்போது நான் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ தூக்கிக்கொண்டிருந்தேன். நான் தூக்கிய பெட்டிகளை அடுக்கியிருந்தால் நிலாவுக்கு நடந்தே போயிருக்கலாம். குணா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவன். அவன் புத்தகங்களின் கனத்தில் எங்கள் பிளாக்கே ஒரு பக்கம் சாய்ந்தது என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

படித்து முடித்து லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கில் இருந்தான். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டான். தூரத்தில் ஒரு போர். அங்கே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறானாம். எந்த நாடு என்று எழுத மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது.

“ஆறு மாசம்தான்லா, வசந்திகிட்ட சொல்லிட்டேன்” என்றான்.

பதினான்கு மாதம் கழித்து வந்தான். வசந்தி காத்திருந்தாள்.

“எத்தனை பேரக் காப்பாத்தின? ஆயிரம்? பத்தாயிரம்?” என்று கேட்டேன்.

“பரோட்டா ஆறுது, சாப்பிடு” என்றான்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்...

நிச்சயதார்த்தத்தன்று மாமாவின் கட்டைவிரல் அவன் நெற்றியைத் தொட்டது. சட்டென்று மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

“என்னப்பா, எங்க வீட்டுக் குங்குமம் ஆகாதா?” என்றார் மாமா.

“நெத்தியில வேணாம் மாமா. ப்ளீஸ்.”

வாய்ச்சொல் வீரனான நான் சும்மா இருப்பேனா?

“பெரிய படிப்பு படிச்சா சாமி குங்குமம் அழுக்காத் தெரியுதோ? வெளிய போடா!”

குணா வசந்தியைப் பார்த்தான். அவள் எழுந்து இரண்டடி வைத்தாள். நான் குறுக்கே நின்றேன். மலைபோல நின்றேன். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது...

தாம்பூலத் தட்டுகளை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். வசந்தி போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தாள்.

“ஏன்னு ஒரு வார்த்த கேட்டியாண்ணா?”

கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போனாள். அதற்கும் வெகுநாள் கழித்து, பாசிர் ரிஸ் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்த குணாவிடம் போய்க் கேட்டேன். கடலைப் பார்த்தபடியே சொன்னான்.

“மருந்து கொஞ்சம், ஆளுங்க நிறைய. யாரத் தூக்கணும், யார விடணும்னு பிரிக்கிறதுதான்டா என் வேலை. வேர்வையில பேனா எழுதாது. நர்ஸ்கிட்ட லிப்ஸ்டிக் வாங்கி, பிழைக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்க நெத்தியில கட்டைவிரலால ஒரு கோடு இழுப்பேன். தூக்க வர்றவங்க அவங்கள மட்டும் தாண்டிப் போயிடுவாங்க.”

கட்டைவிரலை மணலில் தேய்த்தான்.

“ஒரு பெரியவரு... கோயில் குங்குமம்னு நினைச்சுட்டாரு. கண்ண மூடி என்னைக் கும்பிட்டாருடா.”

ஏழு கடலை வாயாலேயே வற்ற வைப்பவன் நான். அன்று அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

“நான் இருக்கிற வரைக்கும் வசந்திகிட்ட சொல்லாத. அவ நல்லா இருக்கா” என்றான்.

போன மாதம் குணா போய்விட்டான். தூக்கத்திலேயே மாரடைப்பு. பிளாக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் உடலை வைத்திருந்தார்கள். அவனுடைய சித்தப்பா மகன் குங்குமத் தட்டோடு குனிந்தான். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“நெத்தியில வேணாம் தம்பி. ப்ளீஸ்.”

“யாரு அங்கிள் நீங்க? சடங்கு தெரியாதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று எங்கள் வீட்டில் அவனைப் பார்த்த அதே பார்வை... நான் கையை விடவில்லை. வெறும் நெற்றியோடுதான் மண்டாய் தகனச்சாலைக்குப் போனான்.

இப்போதெல்லாம் கோயிலில் குங்குமம் கொடுத்தால் உள்ளங்கையில் வாங்கிக்கொள்கிறேன். அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அன்று அவனை விரட்ட எனக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. இன்று எத்தனை வரி எழுதியும் முடியவில்லை.

வசந்தி, என் புளுகுகளையெல்லாம் நீ அங்கிருந்து படித்துச் சிரிப்பாய் என்று தெரியும். இதில் நிலா மட்டும்தான் புளுகு. மற்றதெல்லாம் நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதில்.