எரிந்த பொந்துக்குத் திரும்பிய தேனீக்கள்

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்சுவருக்கு அப்பால் ஆற்றங்கரைப் புதர்க்காடு. அங்கே பட்டுப்போன புங்கமரத்தின் பொந்தில் கொசுத்தேனீக்கள் குடியிருந்தன. எறும்பளவுதான் இருக்கும், கொட்டவும் தெரியாது. சுற்றிலும் தும்பையும் துத்தியும் பூத்துக் கிடந்ததால் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

போன கோடையில் ஒரு காலை, சருகு கூட்ட வந்த மாநகராட்சி ஒப்பந்த ஆட்கள் அதை அங்கேயே கொளுத்தினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். சின்னக் குவியல்தானே என்று குக்கரை ஏற்றப் போய்விட்டேன். இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன். காய்ந்த புல், கடற்காற்று. மறுபடி எட்டிப் பார்த்தபோது கரை முழுக்க நெருப்பு.

வாளியோடு ஓடினேன். வாசலில் இஸ்திரி போடும் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா, பைத்தியமா நீ? எரிஞ்சிகினு கீது, உள்ள போறியே!"

"அங்க தேனீக்கூடு இருக்குடி."

"அதுக்கு றெக்க கீது. உனக்குக் கீதா?"

தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு, மதியம் இருவரும் போய்ப் பார்த்தோம். மரம் உள்ளுக்குள் கரியாகியிருந்தது. காலையிலேயே பூ தேடிப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து, பொந்து இருந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. கால்களில் மஞ்சளாக மகரந்தம். இறக்கிவைக்க இடமில்லை.

"சக்கரத் தண்ணி வெச்சுப் பாரேன்" என்றாள் அவள். வைத்தேன். எறும்புதான் வந்தது. நான்காம் நாள் ஒரு தேனீகூட இல்லை.

மாநகராட்சியின் வட்டார அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கேட்டார்: "ஆளுங்க யாருக்காவது காயமா மேடம்?"

"இல்ல. தேனீ செத்துப்போச்சு. மிச்சமிருந்ததுக்கும் பூ இல்ல."

"மேடம், தேனீயை விரட்டணும்னுதான் இங்க மனு வரும்" என்று சிரித்தார். "கவலைப்படாதீங்க, அங்க செடி வெக்கப்போறோம்."

வைத்தார்கள். வரிசையாகக் குரோட்டன்ஸ். இலைதான் கலர் கலராக. தேனீ வந்து உட்கார ஒரு பூ கிடையாது. தும்பை, துத்தி, ஆவாரை நடுங்கள், சருகைக் கொளுத்தாதீர்கள் என்று மூன்று மனு எழுதினேன்.

மூன்றுக்கும் கைப்பேசியில் ஒரே பதில்: தங்கள் புகார் சரிசெய்யப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. ஆதாரமாக ஒரு படமும் இணைத்திருந்தார்கள்: அந்தக் குரோட்டன்ஸ் வரிசை.