சூரியனைத் திட்டும் கோகிலவாணி

"வந்துட்டான் பாரு, காலங்காத்தால" என்று சூரியனைத் திட்டிக்கொண்டேதான் கோகிலவாணி குடையை விரிப்பார். நாமகிரிப்பேட்டைப் பக்கம் அவருடைய அம்மா சாரதாமணி நடத்தும் சேகோ ஆலையின் களம் அது. ஈர ஜவ்வரிசி காய நல்ல வெயில் வேண்டும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்து நிற்கும் இடத்தில், வெயிலைத் திட்டுகிற ஒரே ஆள் இவர். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் தினமும் என் காதில் விழுகிறது.

வயது நாற்பத்தொன்று. இயற்பியல் ஆராய்ச்சியாளர். வெளிநாட்டில் ஒரு மலைக்கு அடியில், செனான் என்ற வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி நிரப்பிய தொட்டி இருக்கிறது. அண்டம் முழுக்க நிறைந்தும் யார் கண்ணுக்கும் படாத கரும்பொருளின் துகள் ஒன்று அதில் மோதினால் சின்னதாக ஒரு மினுக்கு வரும். ஒன்பது வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறார். சங்கடம் என்னவென்றால், சூரியனிலிருந்து எதையும் துளைத்துக்கொண்டு வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள் மோதினாலும் அச்சு அசலாக அதே மினுக்குதான். வந்ததில் சூரியனுடையது எத்தனை இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது கோகிலவாணியின் பொறுப்பு. களத்து ஓரத் தகரக் கொட்டகையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதைச் செய்கிறார்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார் சாரதாமணி. மலையே மூடிக்கொண்டு நிற்கிறது, அதற்கே அடங்கவில்லை என்று பல்லைக் கடித்தபடி பதில் வந்தது.

களத்து மேஸ்திரி வேல்முருகன் விடவில்லை. "ஏனுங்கம்மிணி, ராத்திரில எண்ணிப் பாக்கறதுதானுங்க?"

"ராத்திரி கீழால இருந்து வருதுங்கண்ணா. பூமிக்குள்ள பூந்து வருது."

இவ்வளவும் தெரிந்தவர் குடை எதற்குப் பிடிக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். ஓர் ஆத்திரம்தான் என்றார்.

இந்த முறை பதினொரு மினுக்குகள். சூரியனுடையது ஏழுதான் என்றால் மிச்சம் நாலு, உலகத்தில் எவரும் காணாததன் முதல் தடயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இவர் கணக்கிலோ பத்து வருகிறது, மூன்று கூடலாம், குறையலாம். ஏழும் அதற்குள் அடங்குகிறதே, ஏழென்றே எழுதலாமே என்று ஆராய்ச்சிக் குழுத் தலைவர் இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார். நானாக இருந்தால் எழுதியிருப்பேன். இந்த அம்மாள் நாலாவது முறையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறார், மறுபடியும் பத்து, மறுபடியும் சூரியனுக்கு வசவு. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே எரிச்சலாக வந்தது. ஒன்பது வருடத்தை இப்படியா விட்டுக்கொடுப்பது என்று வாய்விட்டே சொன்னேன்.

"ஆசைக்கு ஒரு நம்பர் போடறதுன்னா நான் எதுக்குங்க?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து என்றே எழுதி அனுப்பினார். அன்றைக்கு மேகமூட்டம். களம் முழுக்கத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

சாரதாமணி வழக்கம்போலக் கேட்டார். "கெடச்சுதா சாமி?"

"இல்லீங்கம்மா. அத்தனையும் அவனோடதா இருந்தாலும் இருக்கும்."

அதற்குள் மேகம் விலகிப் பளீரென்று வெயில் விழுந்தது. தார்ப்பாயை எடுக்கச் சொல்லி சாரதாமணி ஆட்களை விரட்டிக்கொண்டு ஓடினார். கோகிலவாணி மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். திட்டவில்லை. உச்சந்தலை வெயிலில் காய, குடையை விரித்துத் தாழ்த்தி மடிக்கணினிக்கு மட்டும் பிடித்தபடி வீட்டைப் பார்த்து நடந்தார்.