பன்னிரண்டு சீசா ஈரல்

என் அத்தையை நான் கைநீட்டி அடிக்கவில்லை, அவ்வளவுதான். வாயால் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தேன். எண்பதுகளில், அரியலூரில், பட்டப்பகலில்.

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் பக்கத்துக் கறுப்புச் செம்மறிகளின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஆட்டை அறுத்த கையோடு ஈரலில் துளி எடுத்து உறையவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சதைக்குள் இருக்கும் நொதிகளே டி.என்.ஏ.வைக் கண்டதுண்டமாக நறுக்கிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை கொண்டுபோய் இரண்டு முறையும் பாழ். "இந்தத் தடவையும் சொதப்பினா வேற தலைப்பு பாத்துக்கம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதுவரை உழைத்த இரண்டு வருடத்தையும் தலைமுழுக வேண்டியதுதான்.

பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை கறிக்கடையாக அலைந்து, பன்னிரண்டு ஆட்டின் ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கி, எண் எழுதிய பன்னிரண்டு சின்னச் சீசாக்களில் போட்டேன். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை ஆஸ்பத்திரியில் திரவ நைட்ரஜன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போய்க் கேட்டால், அந்த வாரம் பார்த்துக் காலி! வேறு வழியில்லாமல் ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்கில் சீசாக்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர் வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது.

சென்னை ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் பக்கம்தான் அத்தை வீடு. "அத்தை, இது ஈரலு. கெட்டுப்போகாம பாத்துக்குங்க, ஐஸ் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐஸ் கம்பெனியில் கரண்ட் இல்லை. காத்திருந்து வாங்கிவர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

அத்தை ஒரே பெருமையாக உட்கார்ந்திருந்தார். சீசாக்கள் வரிசையாக நின்றன. உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு.

"ஐஸு பூரா கரைஞ்சு போச்சுடி. அதான் கல்லுப்ப நுணுக்கிப் போட்டு வச்சேன். ஒரு சீசாவுக்கு மட்டும் பத்தல. மஞ்சத்தூளும் போட்டிருப்பேன், டப்பா காலி."

"ஐயோ, உங்கள யாரு அதத் தொறக்கச் சொன்னா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"நீதானடி கெட்டுப்போகாம பாத்துக்கச் சொன்ன?"

சொன்னது நான்தான். தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் குரல் இன்னும் உசரும். இலை போட்டு, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். "இனிமே இந்த வூட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு, சீசாக்களையும் ஐஸையும் பிளாஸ்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தை வாசல்வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆய்வகத்தில் முதலில் எடுத்தது அந்த உப்புப் போடாத ஒரே சீசாவைத்தான். என் உயிரே அதில்தான் இருந்தது. டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டி, புற ஊதா விளக்கடியில் வைத்துப் பார்த்தால் கோடாக நிற்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல். டி.என்.ஏ. தூள்தூளாகியிருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

"மத்த பதினொண்ணு?" என்றார் பேராசிரியர்.

"அது உப்புக்கண்டம் சார்."

"போட்டுத்தான் பாரேன். இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

உப்பைக் கழுவி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, கடைசியில் ஆல்கஹாலை ஊற்றிக் கண்ணாடிக் குச்சியை விட்டுச் சுற்றினேன். வெள்ளை நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தது! விளக்கடியில் வைத்தால், மேலே பளிச்சென்று ஒரே கோடு, துண்டாகாத முழு டி.என்.ஏ. பதினொன்றும் அப்படியே. அப்பாடா! உப்பு தண்ணீரை உறிஞ்சி நொதிகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆர்.என்.ஏ. தேறவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. மஞ்சளும் சேர்ந்திருந்தால் அதன் சாயமே சோதனையைக் கெடுத்திருக்கும்; அந்த டப்பா காலியாக இருந்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாளே அரியலூருக்கு ரயில் ஏறினேன். கதவைத் திறந்த அத்தைக்கு என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"படிப்ப நிறுத்திட்டாங்களாடி?"

"இல்லத்தை. உங்க உப்புதான் என்னக் காப்பாத்துச்சு. நான் பேசினதெல்லாம் தப்புத்தை."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"மொதல்ல இதக் குடி."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.